உள்மரம் இற்றுப்போன பழைய ஃபைபர் படகை மீட்பது எப்படி

ஃபைபர் படகு உளுக்காது என்று நம்பித்தான் பலர் பழைய படகை வாங்குகிறார்கள். கண்ணாடியிழைத் தோல் உளுக்காது, சரிதான். ஆனால் அந்தத் தோலுக்கு விறைப்புக் கொடுப்பது பெரும்பாலும் உள்ளே பொதிந்திருக்கும் மரம். எஞ்சின் தொங்கும் பின்பலகையான ட்ரான்ஸம், அடியில் முன்பின்னாக ஓடும் ஸ்ட்ரிங்கர் சட்டங்கள், நாம் நிற்கும் தளம் ஆகிய மூன்றிலும் பிளைவுட்டோ பலகையோ இருக்கும். மேலே ஒரு திருகாணித் துளை சரியாக அடைக்கப்படாமல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டித் தங்கிவிட்டால் பூஞ்சைக்கு வசதி. இழையைப் பிணைத்து இறுகும் பிசினான ரெசினின் உறைக்குள் அடைபட்ட மரம் காய்வதற்கு வழியே கிடையாது.

மரத்தை மாற்றுவது இந்த வேலையில் கடினமான பகுதி அல்ல. மாற்றும்போது படகின் வடிவம் குலையாமல் பார்த்துக்கொள்வதும், தண்ணீர் முதலில் நுழைந்த வழிகளை அடைப்பதும்தான் கடினம். அந்த இரண்டில் கோட்டை விட்டால் புது மரமும் பழைய மரத்தின் வழியே போகும்.

எவ்வளவு தூரம் இற்றிருக்கிறது?

பிளாஸ்டிக் சுத்தியலாலோ சுத்தியலின் கைப்பிடியாலோ தளத்தையும் ட்ரான்ஸத்தையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். இற்ற இடமும் தோல் விட்டுப்போன இடமும் பொத்தென்று மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் கோட்டைப் பென்சிலால் குறியுங்கள். இது முதல் மதிப்பீடுதான், தீர்ப்பு அல்ல.

அடுத்து உட்புறத்திலிருந்து 6 மிமீ சோதனைத் துளைகள். வெளிப்புறத்திலிருந்து போடாதீர்கள், தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே நீங்களே ஒரு துளை சேர்த்ததாகிவிடும். துளைக்கும்போது வரும் தூளைக் கவனியுங்கள். வெளிறிய, உலர்ந்த சுருள் வந்தால் மரம் நன்று. கறுத்து, ஈரமாக, புளித்த வாடையுடன் வந்தால் அங்கே மரமில்லை. ட்ரான்ஸத்தின் கீழ்ப்பகுதி, தண்ணீர் வடிக்கும் அடைப்புத் துளையைச் சுற்றி, எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றி, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கரின் பின்முனை ஆகிய இடங்களைத் தவறவிடக் கூடாது. அங்குதான் தண்ணீர் தேங்கும்.

அவுட்போர்டு எஞ்சின் மாட்டியிருந்தால் அதைப் பாதி தூக்கி, அடிப்பகுதியில் கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள். ட்ரான்ஸம் உள்ளும் வெளியுமாகக் கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தால் மேற்கொண்டு சோதனையே தேவையில்லை.

இந்தக் கட்டத்தில் பலருக்கும் ஒரு சபலம் வரும்: நாலு துளை போட்டு நீர்த்த எபாக்ஸி ரெசினை ஊற்றிவிட்டால் மரம் இறுகிவிடாதா? இறுகாது. ஊறிய மரம் ரெசினைக் குடிக்காது. ரெசின் காலி இடங்களில் தேங்கிக் கட்டியாகும், சுற்றிலும் அழுகல் தொடரும். ஒரு ஹேட்ச் மூடியின் மூலையில் இருக்கும் சின்ன இற்றலுக்கு, அதுவும் நன்றாக உலர்த்திய பிறகு, அது பயன்படலாம். எஞ்சினைத் தாங்கும் மரத்துக்கு ஆகாது.

அறுப்பதற்கு முன் முட்டு கொடுங்கள்

ஸ்ட்ரிங்கரை எடுத்தவுடன் படகின் அடிப்பாகம் வெறும் மெல்லிய ஓடு. டிரெய்லரின் இரண்டு உருளைகள் மேல் உட்கார்ந்திருந்தால் அந்த இடங்கள் உள்ளே குழியும். அந்தக் குழியோடு புதுச் சட்டத்தை ஒட்டிவிட்டால் அது நிரந்தரம். பிறகு வேகமெடுக்கும்போது படகு மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடும், அல்லது மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்தும். இதற்குப் பிறகு வைத்தியம் இல்லை.

படகின் அடியில் நடுமுதுகாக ஓடும் ஏரா நெடுக மரக்கட்டைகளை அடுக்கிப் படகின் எடையை அதில் இறக்குங்கள். இருபுறமும் அடிப்பாகத்தின் வளைவுக்கு ஏற்ற நீளமான தாங்கு பலகைகளை வையுங்கள். குறுக்கே மட்டம் பார்த்துச் சரிசெய்யுங்கள். வெளியே ஏராவை ஒட்டி ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். பின்பாதியில் அடிப்பாகம் நூலோடு நேராக ஓட வேண்டும். பிறகு படகின் இரு விளிம்புகளுக்கும் இடையே மூன்று நான்கு இடங்களில் குறுக்குச் சட்டம் வைத்துத் திருகிவிடுங்கள். மேல்மூடியைக் கழற்றாமல் வேலை செய்ய முடியுமானால் கழற்றாதீர்கள்; அதுவே நல்ல முட்டு.

இப்போதே அளவெடுங்கள். விளிம்பிலிருந்து விளிம்புக்கு நூல் கட்டி, நூலிலிருந்து ஸ்ட்ரிங்கர் உச்சிக்கும் தளத்துக்கும் உள்ள ஆழத்தை 30 செமீக்கு ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். உள்எஞ்சின் படகானால் எஞ்சின் தாங்கியின் உயரம் மில்லிமீட்டர் கணக்கில் வேண்டும். இல்லையென்றால் புரொப்பெல்லர் தண்டு நேர்ப்படாது. ட்ரான்ஸத்தின் மொத்தத் தடிமனையும், மேல்விளிம்பிலிருந்து அடிவரையான உயரத்தையும் எழுதிவையுங்கள். குட்டைத்தண்டு அவுட்போர்டு எஞ்சினுக்கு உயரம் சுமார் 15 அங்குலம், நெடுந்தண்டுக்கு 20, அதனினும் நீண்டதற்கு 25. புகைப்படம் எடுத்துத் தள்ளுங்கள், செலவில்லை.

பிரித்தெடுத்தல்

எரிபொருள் தொட்டியும் பேட்டரியும் முதலில் வெளியே போக வேண்டும். தொட்டி தளத்தின் கீழே இருந்தால் அதன் எல்லையைக் கண்டுபிடிக்கும்வரை ரம்பத்தைத் தொடாதீர்கள். பெட்ரோல் ஆவி நிற்கும் அடிக்குழியில் கிரைண்டர் பொறி பறந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தளத்தை வட்ட ரம்பத்தால் அறுக்கும்போது அதன் ஆழத்தைத் தளத்தின் தடிமனுக்கு மேல் ஓரிரண்டு மில்லிமீட்டர் மட்டும் வையுங்கள். சுற்றுச்சுவரை ஒட்டி அறுக்காமல் 3 முதல் 5 செமீ விளிம்பு விட்டு அறுங்கள்; பழைய தளம் எந்த உயரத்தில் இருந்தது என்பதை அந்த விளிம்பு காட்டும். கீழே மஞ்சளித்த நுரை இருக்கும். அழுத்தினால் தண்ணீர் வடிந்தால் முழுதும் எடுத்தாக வேண்டும். ஊறிய நுரை படகின் எடையைக் கணிசமாகக் கூட்டுவதோடு, புதுச் சட்டத்துக்கும் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்ட்ரிங்கர்கள் அனைத்தையும் ஒரே நாளில் பிடுங்கி எறியாதீர்கள். ட்ரான்ஸத்துக்கு இடம் விட ஒவ்வொன்றின் பின்முனையிலும் 30 செமீ மட்டும் வெட்டுங்கள். ட்ரான்ஸம் புதிதாக நின்ற பிறகு ஸ்ட்ரிங்கர்களை ஒவ்வொன்றாக மாற்றலாம். மற்றவை அதுவரை வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ட்ரான்ஸத்தை உள்ளேயிருந்து அணுகுவதே நல்லது. வெளித்தோல் அப்படியே இருந்தால் புதுப் பலகைக்கு அதுவே அச்சு. நிறப்பூச்சு வேலையும் மிச்சம். உட்தோலைச் சுற்றிலும் 6 செமீ விளிம்பு விட்டு அறுத்து எடுங்கள். இற்ற மரம் கையோடு வந்துவிடும். இற்றாத மரம்தான் உயிரை எடுக்கும். ரம்பத்தால் கட்டம் கட்டமாகக் கீறி, அகல உளியால் பெயர்க்க வேண்டும். ரம்பத்தின் ஆழம் வெளித்தோலுக்கு 3 மிமீ முன்பே நிற்கும்படி வைத்து, மீதியைத் தேய்த்தெடுங்கள்.

தேய்ப்பு, தூசி, உலர்த்தல்

யாருக்கும் பிடிக்காத வேலை. ஒட்டு நிற்குமா நிற்காதா என்பது இங்கேதான் முடிவாகிறது. 36 அல்லது 40 எண் உப்புத்தாள் தகடு பொருத்திய கிரைண்டரால் மரத்துகள், பழைய பசை, பெயின்ட் எல்லாம் போய், பளபளப்பற்ற சுத்தமான கண்ணாடியிழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். புது இழைப்படலம் ஏறப்போகும் இடம் முழுவதும், அதாவது ஒவ்வொரு மூட்டுக்கும் இருபுறம் 16 செமீ. தோலில் விரிசலோ துளையோ இருந்தால் அதன் தடிமனைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்துப் படிப்படியாக நிரப்ப வேண்டும்.

கண்ணாடியிழைத் தூசிக்குத் துணி முகமூடி உதவாது. பி100 அல்லது பி3 வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி, முழுக் கண்ணாடி, தலையை மூடும் அங்கி, மணிக்கட்டில் டேப் சுற்றிய கையுறை வேண்டும். ரெசின் வேலைக்கு வடிகட்டி வேறு: கரிம ஆவிகளை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ்.

தேய்த்து முடித்ததும் உறிஞ்சி, மின்விசிறி வைத்துச் சில நாள் உலரவிடுங்கள். உலர்ந்துவிட்டதா என்று அறிய, ஓர் அடிச் சதுரக் கண்ணாடித்தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் பனித்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அசிட்டோனால் துடைப்பது கடைசியில். அதற்கு முன் பொறி பறக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும்.

எந்த ரெசின்?

பழைய படகுகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டரில் செய்தவை. அவற்றின் மேல் பாலியெஸ்டரும் பிடிக்கும், வினைல்எஸ்டரும் பிடிக்கும், எபாக்ஸியும் பிடிக்கும். ஏற்கெனவே இறுகிவிட்ட பழைய தோலோடு பாலியெஸ்டர் வேதியியல் முறையில் இணையாது, தேய்த்த சொரசொரப்பைத்தான் பற்றிக்கொள்ளும். மரத்தோடும் அதன் ஒட்டு எபாக்ஸி அளவுக்கு வலுவானதல்ல. கையில் காசு அளவாக இருந்தால் மரத்தைத் தொடும் இடங்களுக்கு எபாக்ஸி, பெரும் பரப்புகளுக்குப் பாலியெஸ்டர் என்று பிரிக்கத் தோன்றும். அதில் ஒரு கண்ணி உண்டு: இறுகிய பாலியெஸ்டர் மேல் எபாக்ஸி போடலாம், எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் போட்டால் நம்பிக்கையாகப் பிடிக்காது. ஆகவே கடைசி அடுக்கு எது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். உள்வேலை முழுவதற்கும் ஒரே ரெசினை வைத்துக்கொள்வதே நிம்மதி.

பாலியெஸ்டருக்கு எம்.இ.கே.பி. வினையூக்கி 1 முதல் 2 சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். வெப்பமான நாளில் குறைவாக, குளிரில் அதிகமாக. 1 சதவீதத்துக்குக் கீழே போனால் என்றைக்குமே முழுதாக இறுகாமல் போகலாம். எபாக்ஸிக்கு இந்த விளையாட்டு செல்லாது. டின்னில் போட்டிருக்கும் விகிதம்தான், எடைபோட்டுக் கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பிசுபிசுப்பான ரப்பர் கிடைக்கும். எதுவானாலும் ஒரே வாளியில் நிறையக் கலக்காதீர்கள். குவிந்த ரெசின் தன் சூட்டிலேயே புகையக் கிளம்பும். அரை கிலோ கலந்து, அகலத் தட்டில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். எம்.இ.கே.பி.யை கோபால்ட் முடுக்கியோடு நேரடியாகச் சேர்ப்பது வெடிவிபத்து.

இழையில் 1708 வகை ஈரச்சு துணி இந்த வேலைக்கு ஏற்றது. குறுக்காக ஓடும் இழைகளும் பின்னால் தைத்த ‘மேட்’ என்னும் மெல்லிய நறுக்கிழை விரிப்பும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 800 கிராம். சாதாரண நறுக்கிழை மேட்டை எபாக்ஸியோடு பயன்படுத்த வேண்டாம். அதைப் பிணைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் விறைத்துக்கொண்டே நிற்கும்.

வாங்கும் அளவுக்கு ஒரு கணக்கு: ட்ரான்ஸம் 1.5 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரம் என்றால் பரப்பு 0.9 சதுர மீட்டர். மூன்று அடுக்கு 1708 என்றால் இழை சுமார் 2.2 கிலோ, அதற்கு ரெசின் 2.7 கிலோ. பலகைக்கும் வெளித்தோலுக்கும் நடுவே 3 மிமீ படுக்கை 2.7 லிட்டர். இரு பலகைகளுக்கு நடுவே ஒரு லிட்டர், மரத்துக்கு முதல் பூச்சு ஒரு லிட்டர். சேதாரம் சேர்த்து எட்டரை லிட்டராவது கையில் இருக்கட்டும். பாதி வேலையில் ரெசின் தீர்ந்தால் அந்த ஒட்டையே பிரிக்க வேண்டி வரும்.

ட்ரான்ஸம் எழுப்புதல்

பி.எஸ். 1088 தர மரைன் பிளைவுட் சிறந்தது. கிடைக்காதபோது, கொதிநீர் தாங்கும் பசையால் ஒட்டிய, உள்ளே வெற்றிடமில்லாத வெளிப்புறத் தரப் பலகை போதும். மருந்தூட்டிய ஈரப் பலகை வேண்டாம்; ரெசின் சரியாகப் பிடிக்காது. ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பல அவுட்போர்டு ட்ரான்ஸங்களுக்கு 18 மிமீ பலகை இரண்டு சேர்ந்து பழைய தடிமன் வரும். முன்பு எழுதிவைத்த அளவோடு ஒப்பிடுங்கள், எஞ்சின் பிடியின் வாய் அந்த அளவுக்குத்தான் திறக்கும்.

அட்டையில் மாதிரி வெட்டி, வெளித்தோலில் வைத்துப் பார்த்து, சுற்றிலும் 5 மிமீ இடைவெளி விட்டுப் பலகையை வெட்டுங்கள். தோல் பின்னோக்கி வளைந்திருந்தால் தடித்த ஒரே பலகை வளையாது. மெல்லிய மூன்று நான்கு பலகைகளாக ஒட்டுங்கள். இரண்டு பலகைகளையும் ஃப்யூம்டு சிலிக்கா என்னும் நுண்தூள் கலந்து கெட்டியாக்கிய ரெசினால் ஒட்டி, 15 செமீக்கு ஒன்றாகத் திருகாணி போட்டு நெருக்குங்கள். இறுகியதும் ஆணிகளைக் கழற்றித் துளைகளை அடைத்துவிடுங்கள். எல்லா முகங்களுக்கும், முக்கியமாக வெட்டுமுனைகளுக்கு, ரெசின் பூசுங்கள். வெட்டுமுனை தாகமாகக் குடிக்கும், நிறுத்தும்வரை கொடுங்கள்.

ஒட்டும் நாளில் முதலில் ரெசின் இல்லாமல் ஒருமுறை முழுதாகப் பொருத்திப் பாருங்கள், முட்டுகள் சகிதம். பிறகு சிலிக்காவும் அரைத்த இழையும் கலந்த பசையை, பலகையைச் செங்குத்தாக நிறுத்தினாலும் வழியாத பதத்தில், பல்வைத்த கரண்டியால் தோலிலும் பலகையிலும் கோடு கோடாகப் பரப்புங்கள். பலகையைக் கீழிருந்து நிறுத்தி மேலே தள்ளுங்கள். வெளியே ஒரு குறுக்குச் சட்டம், உள்ளே ஒரு சட்டம். பழைய எஞ்சின் துளைகள் வழியே போல்ட் போட்டுச் சீராக இறுக்குங்கள். பசை நான்கு பக்கமும் பிதுங்க வேண்டும். பிதுங்காத பக்கத்தில் வெற்றிடம் இருக்கிறது. மட்டுமீறி இறுக்கினால் மொத்தப் பசையும் வெளியேறி ஒட்டு பட்டினி கிடக்கும்; தோலும் அலையலையாகும்.

இறுகியதும் பலகை அடிப்பாகத்தைச் சந்திக்கும் மூலையில் 15 முதல் 20 மிமீ ஆரத்தில் அதே பசையால் குழிவளைவு இடுங்கள். கண்ணாடியிழை கூர்மூலையில் படியாது. காற்றுப்பை விட்டுவிடும், அந்தப் பைக்குள் முதல் விரிசல் விழும். அதன் மேல் மூன்று அடுக்கு 1708: முதலடுக்கு அடிப்பாகத்திலும் பக்கச்சுவரிலும் 10 செமீ ஏற, அடுத்தடுத்தவை ஒவ்வொன்றும் 3 செமீ கூடுதலாக. கோடு போட்ட உருளையால் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் ரெசின் போதவில்லை. குளமாக நின்றால் அதிகம்.

ஸ்ட்ரிங்கர்கள்

பழையது உருத் தெரியும்படி வந்தால் அதுவே மாதிரி. வராவிட்டால் நூலிலிருந்து எடுத்த அளவுகள். சட்டத்தின் மேல்விளிம்புகளை 10 மிமீ ஆரத்துக்கு மழுக்குங்கள். அடிப்பாகத்தில் மரம் நேராக முட்டக் கூடாது. முட்டினால் அந்தக் கோட்டில் தோல் வெடிக்கும். 6 முதல் 10 மிமீ பசைப் படுக்கையில் மிதக்கவிட்டு, எடை வைத்து அழுத்தாமல், உச்சிகள் நூலுக்குச் சரியாக நிற்கும்படி பிடித்துவையுங்கள். பின்முனை ட்ரான்ஸத்தில் சேரும் இடத்திலும் பசையும் குழிவளைவும் வேண்டும்.

இரண்டு அடுக்கு 1708 சட்டத்தின் மேல் ஏறி இறங்கி, அடிப்பாகத்தில் முதலடுக்கு 10 செமீ, அடுத்தது 15 செமீ பரவ வேண்டும். பாலியெஸ்டரானால் முந்தைய அடுக்கு பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததைப் போடுங்கள். மெழுகு கலந்த ரெசின் கடைசிப் பூச்சுக்கு மட்டுமே. நடுவில் போட்டால் மெழுகுப் படலம் மேலடுக்கைப் பிடிக்கவிடாது. எபாக்ஸி இறுகியதும் மேலே மெழுகு போன்ற ஒரு வழவழப்பு படியலாம். அதைத் தண்ணீரும் தேய்ப்புநாரும் கொண்டு கழுவிய பிறகே உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அதை உள்ளே அரைத்துவிடுவீர்கள்.

தண்ணீர் பின்னோக்கி ஓடச் சட்டங்களின் அடியில் வழி விட வேண்டும். வெறும் துளையாக விடாமல் பி.வி.சி. குழாய்த் துண்டைப் பசையோடு பதியுங்கள். பழைய படகுகள் இற்றதற்கு இப்படிப் பூச்சில்லாமல் விட்ட வெறும் துளைகள் ஒரு பெரும் காரணம்.

நுரையும் தளமும்

நுரையை மறுபடி போடாமல் விட்டுவிடலாமா என்றால், கூடாது. படகு நீரில் நிறைந்தாலும் மூழ்காமல் இருப்பதற்கு அதுவே பொறுப்பு. கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியுள்ள இருபொருள் பாலியூரித்தேன் நுரை ஒரு கன மீட்டர், நன்னீரில் சுமார் 970 கிலோவைத் தாங்கும். எடுத்த பழைய நுரையின் கன அளவையாவது திருப்பி நிரப்புங்கள். சிறுசிறு ஊற்றாக, காற்றும் நுரையும் வெளியேறத் துளை விட்டு ஊற்றுங்கள். மூடிய அறையில் ஒரேயடியாக ஊற்றினால் அது தளத்தைத் தூக்கிவிடும். அடிநீர் ஓடும் வாய்க்காலை நுரை அடைக்கக் கூடாது.

தளத்துக்கு 12 மிமீ பலகை. அடிப்புறத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் இரண்டு பூச்சு முன்பே முடிந்திருக்க வேண்டும், பிறகு அங்கே கை போகாது. ஸ்ட்ரிங்கர் உச்சியில் பசை வைத்து இறக்கி, எடை ஏற்றி, ஓரங்களில் குழிவளைவு போட்டுச் சுவரோடு 10 செமீ இழைப்பட்டை, பிறகு முழுத் தளத்துக்கும் ஓர் அடுக்கு 1708.

துளைகள்

இனி ட்ரான்ஸத்தில் எந்தத் துளையும் வெறும் மரத்தைக் காட்டக் கூடாது. 12 மிமீ போல்ட்டுக்கு 20 மிமீ துளை போட்டு, கெட்டி எபாக்ஸியால் அடைத்து, இறுகிய பின் நடுவில் 12 மிமீ துளையுங்கள். சுற்றிலும் ரெசின் வளையம் நிற்கும். சோனார் உணரி, அடைப்புக் குழாய், ஏணி எல்லாவற்றுக்கும் இதே முறை. உணரிக்கு நேராக ட்ரான்ஸத்தில் திருகாமல் ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி அதில் திருகினால் இன்னும் நல்லது. தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே பாலியூரித்தேன் அல்லது பாலிசல்ஃபைடு அடைப்பான். வீட்டுச் சிலிக்கோன் வேண்டாம். அது நாளடைவில் விட்டுக்கொடுக்கும், அதன் மிச்சத்தின் மேல் வேறெதுவும் ஒட்டாது.

எபாக்ஸி என்றால் எஞ்சினைத் தொங்கவிடுவதற்கு முன் ஏழு நாள் விடுங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு எஞ்சின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அடிக்குழியில் எவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். கரையேற்றி வைக்கும்போது படகின் மூக்கான அணியத்தை உயர்த்தி, அடைப்பைக் கழற்றி, மேலே நீர் தேங்காத தார்ப்பாய் போட்டு, அதன் அடியில் காற்றோட்டம் இருக்கும்படி வையுங்கள்.